தாய்மாமன் கை

எனக்குச் சட்டென்று கோபம் வரும். எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்கு அது ஆகாது என்று படித்த இடத்திலேயே சொன்னார்கள். மூச்சைப் பிடி, அசையாதே, விடு என்று நாள் முழுக்கப் பொறுமையாகச் சொல்ல வேண்டிய வேலை. ஆனால் எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கொடுத்த டாக்டர், "கோபக்காரிதாம்மா வேணும். இங்க வாரவன்ல பாதிப்பேரு அருவாளோட வாரான்" என்று சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலையில் இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து ஒருவன் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஐந்து வயது இருக்கும். தொடை வீங்கிப்போய், அழுகிற தெம்புகூட இல்லாமல் கிடந்தாள். பருத்திக்காட்டில் வண்டியில் ஏற்றக் காலைப் பிடித்துத் தூக்கினானாம், உள்ளே மடக்கென்று சத்தம் கேட்டதாம்.

"தூக்குனா ஒடையுமா?" என்றேன். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே கை இரண்டு தடவை ஒடிந்திருந்தது. பெண்ணாகப் பிறந்துவிட்டாள் என்று தகப்பன் அடித்து ஒடிக்கிறான் என்பது தாய்வீட்டார் பேச்சு. கூடவே வந்திருந்த தாய், ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பிள்ளையைப் படம் எடுத்துவிட்டு, இருட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். சிவப்பு விளக்கு மட்டும் எரியும். படத்தை டெவலப்பர் மருந்துத் தொட்டியில் முக்கிவிட்டால், அது முடிகிறவரை கதவைத் திறக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் முழுப் படமும் கறுத்துவிடும்.

படத்தை முக்கின நேரத்தில் வெளியே பெஞ்சு உருண்டது. "எங்கல அவன்?" என்று ஒரு குரல். பிள்ளையின் தாய்மாமன். அடுத்து சதையில் கம்பு விழுகிற சத்தம். துவைக்கிற கல்லில் ஈரச்சேலையை அடிப்பதுபோல அது விட்டுவிட்டுக் கேட்டது. டாக்டர் பின்கட்டில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நான் அடிக்கல. பிள்ள மேல சத்தியமா நான் ஒடைக்கல."

"பொட்டப்பிள்ளைன்னுதானல ஒடைக்க? இன்னைக்கு ஒன்ன உசுரோட விட்டா நான் ஆம்பள இல்லல!"

கதவில் ஓர் உடம்பு மோதியது. "எக்ஸ்ரேம்மா, தொறங்கம்மா, கொன்னுருவான்!" தொட்டிக்குள் எலும்பு அப்போதுதான் வெள்ளையாகத் தெளிந்துகொண்டிருந்தது. அடித்தானா இல்லையா என்று டாக்டர் சொல்ல அந்தப் படம் வேண்டும். அதைக் காப்பாற்றினால் ஆள் போய்விடுவான். படம் நாசமாய்ப் போகட்டும் என்று தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

அவன் என் காலடியில் வந்து விழுந்தான். நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். பின்னாலேயே மாமன் நுழைந்து கம்பை ஓங்கி இறக்கினான். இருட்டில் குறி தப்பி, மாமனின் முன்கைதான் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் மோதியது. பெரிய அடிகூட இல்லை. மடக்கென்று ஒடிந்து கை தொங்கியது. அப்படியும் அடங்காமல் இடதுகையால் இடுப்பிலிருந்து அருவாளை உருவினான். நான் அவன் ஒடிந்த கையிலேயே ஓங்கி ஓர் உதை விட்டேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. அலறிக்கொண்டு அருவாளை விட்டான், அதை எடுத்துக் கழுவுகிற தொட்டிக்குள் போட்டேன்.

டாக்டர் ஓடி வந்தார். தகப்பனின் நெற்றியில் தையல் போட்டுவிட்டு, மாமனின் கையைத் தூக்கிப் பார்த்தார். "தொட்டியில பட்டதுக்கா இப்பிடி ஒடிஞ்சிச்சு?"

வலியிலும் அவன் நெஞ்சை நிமிர்த்தினான். "எங்க வீட்டுல ஒடையாத ஆளு கெடையாது டாக்டரு. எங்கய்யாவுக்கு ரெண்டு காலும் போச்சு. சண்டக்காரக் குடும்பம்னு சுத்துப்பட்டுல கேட்டுப்பாரும்." ஒவ்வொரு முறிவுக்கும் அவனிடம் ஒரு சண்டைக் கதை இருந்தது. எலும்பு ஒடிந்தால் அந்த வீட்டில் பெருமை. என்ன நோய் என்று யாரும் கேட்டதே இல்லை.

டாக்டர் அவன் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெள்ளைவிழி லேசாக நீலம் பாரித்திருந்தது. பிள்ளையின் கண்ணைப் பார்த்தார், அதே நீலம். கடைசியாகத் தாயின் கண்ணையும் பார்த்தார்.

பிள்ளையை மறுபடியும் மேசையில் கிடத்தி, அது கதறக் கதறப் படம் எடுத்தேன். மாமன் கையையும் எடுத்தேன். இரண்டையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினோம். ஒன்று ஆம்பளை எலும்பு, ஒன்று பிள்ளை எலும்பு. இரண்டிலும் ஓரம் காகிதம்போல மெலிந்திருந்தது.

"இது அடியில்ல. எலும்பே இந்தக் குடும்பத்துக்கு மெல்லிசு. கண்ணு வெள்ளையில நீலம் ஓடுதே, அதுதான் அடையாளம். தாய்வழியா வந்திருக்கு. மாமனுக்கு இருக்கு, தாய்க்கு இருக்கு, பிள்ளைக்கும் இருக்கு" என்றார் டாக்டர். பாளையங்கோட்டையில் பெரிய டாக்டர்களிடம் காட்ட வேண்டும், வீட்டில் எல்லோரையும் படம் எடுக்கக் கூட்டி வாருங்கள் என்றும் சொன்னார். மாமன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நான் எதுக்குய்யா இவன அடிச்சேன்?" என்றான்.

தகப்பன் எழுந்தான். மாமனை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேரே பெண்டாட்டியிடம் போனான். "ஏட்டி, ஒனக்குத் தெரியும்லா? ஒருநாளாவது பிள்ள மேல கை வச்சிருக்கேனா? ஒங்கண்ணன் என்னக் கொல்லுதான், ஒரு வார்த்த சொன்னியா?" கையை ஓங்கிவிட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இல்லை.

மேசையிலிருந்து பிள்ளை கத்தியது. "அய்யா, அம்மைய அடிக்காதீய. அவளும் ஒடஞ்சிருவா!"

ஓங்கின கை அப்படியே நின்றது. அவன் அதைப் பார்த்தான், பிறகு பிள்ளையின் காலைப் பார்த்தான்.

"டாக்டரய்யா, வண்டியில ஏத்தத் தூக்குனேன்லா. அப்ப எம் பிள்ளய ஒடச்சது நாந்தானா?"

டாக்டர் மாவுக்கட்டுக்குத் துணியை நனைத்தார். கட்டுப் போட்டு முடித்ததும், பிள்ளையைத் தூக்கி அடுத்த அறைக் கட்டிலில் போடு என்றார். தகப்பன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினான். பிள்ளை அவனைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே இருந்தது.