ஒரு வலி மாத்திரைக்கு ஒரு பச்சை மாத்திரை

என் தங்கை இருபத்திரண்டு வருடமாக ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். கட்டில் விரிப்பு, தலையணை உறை, மேசைத் துணி என்று நாளைக்கு முந்நூறு உருப்படிக்குக் குறையாது. ஜன்னல் இல்லாத நிலவறை. கழிவறைக்கு இரண்டு மாடி ஏற வேண்டும் என்பதால் அங்கே யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. பத்து மணிக்கு சூப்பர்வைசர் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வருவார். உள்ளே வலி மாத்திரை. நாலு மணிக்கு இன்னொரு சுற்று. அரை நாள் லீவு கேட்டால் எரிந்து விழுகிற மனிதர், மாத்திரை கொடுப்பதில் மட்டும் வள்ளல்.

அவளுக்குத் தோளிலும் முழங்கையிலும் ஓயாத வலி. எட்டு வருடம் அந்த டப்பாவிலிருந்து எடுத்து விழுங்கினாள்.

நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்று முப்பது வருடம் அந்த வேலை பார்த்தவள் நான். டயாலிசிஸ் முடிந்து துவண்டு வருகிறவர்களைக் குளிப்பாட்டியிருக்கிறேன். "வேணாம்டி, கிட்னி போயிடும்" என்று எத்தனையோ முறை சொன்னேன். "உனக்குப் பயமுறுத்தறதே வேலை" என்பாள். ஆனாலும் உள்ளூர உதறல் இருந்தது. நாளுக்கு ஒன்றாகக் குறைத்தாள்.

அந்த நேரம் பார்த்து, அவள் மகளைக் கட்டிய மாப்பிள்ளை ஒரு டப்பாவோடு வந்து சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் சத்து மாத்திரை விற்கிறவர்.

"அத்தை, வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும். இந்தப் பச்சை மாத்திரை காப்பாத்தும். ஆன்டிஆக்ஸிடன்ட். எலிக்குக் கொடுத்து நிரூபிச்சிருக்காங்க" என்று செல்போனில் ஒரு எலிப் படத்தையும் காட்டினார். மாப்பிள்ளை பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

என் தங்கை சொந்தமாக ஒரு வைத்தியமுறை கண்டுபிடித்தாள். ஒரு வலி மாத்திரை போட்டால் மேலே ஒரு பச்சை மாத்திரை. அதுதான் காவல் இருக்கிறதே என்ற தைரியத்தில், ஒன்று மூன்றாகி நாலானது. எனக்கு இது தெரியாது.

ஆறு மாதத்தில் அவள் முகம் ஊதியது. காலில் கட்டைவிரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. அன்றைக்கே இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"என்னென்ன மருந்து சாப்பிடறீங்கம்மா?" டாக்டரம்மா கேட்டார்.

"மருந்தா? ஒண்ணுமில்லைங்க."

அவள் பையைப் பிடுங்கி மேசைமேல் கொட்டினேன். வெள்ளையும் பச்சையுமாக உருண்டன.

"ஏன்க்கா மானத்தை வாங்கற? இது வலி மாத்திரைதானே, மருந்தா?"

அந்த அம்மா கோபப்படாமல் விளக்கினார். வலி மாத்திரை கிட்னிக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும். தண்ணீர் குடிக்காமல் வேர்த்துக் கொட்டுகிற உடம்பில் அது இன்னும் மோசம். "எலிகளுக்கு அளந்து கொடுத்ததுல கொஞ்சம் பலன் தெரிஞ்சது உண்மைதான். அதை நம்பி மனுஷங்க வலி மாத்திரையைத் தொடரலாம்னு யாரும் சொல்லலை. இந்த டப்பாவுல என்ன கலந்திருக்குன்னே போடலை."

ரத்தம் எடுத்துப் பார்த்ததில், கிட்னி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 2.9. எல்லா வலி மாத்திரையையும் இன்றே நிறுத்தினால் மிச்சம் இருப்பது பிழைக்கலாம்; இல்லாவிட்டால் டயாலிசிஸ்தான் என்றார்.

சாயங்காலமே மாப்பிள்ளை வந்தார், கையில் புது டப்பா.

"டோஸ் பத்தலை அத்தை. ரெண்டு ரெண்டா போடுங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "மாப்பிள்ளை, உங்கம்மாவுக்கும் முட்டியில வலிதானே? அவங்க இந்தப் பச்சை மாத்திரை எத்தனை போடறாங்க?"

"பெரியத்தை, அது வந்து... அம்மாவுக்கு அவங்க டாக்டர் வேணாம்னுட்டார்."

நான் வாய் திறப்பதற்குள் என் தங்கை முந்திக்கொண்டாள். அவர் எதிரே உட்காரக்கூடக் கூசுகிறவள், வீங்கின காலோடு எழுந்து நின்றாள்.

"உங்கம்மாவுக்கு டாக்டர், எனக்கு எலியா? எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை."

அவர் எடுத்துக்கொண்டு போனார். மூன்று வாரம் மகளையும் அனுப்பவில்லை. என் தங்கை அசையவில்லை.

வேலைக்குத் திரும்பியதும், டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோய் மேசைமேலேயே வைத்தாள். நாளைக்கு ஐந்து முறை மாடி ஏறினாள்.

"என்னம்மா, மேல வீடு கட்டறியா?" சூப்பர்வைசர்.

"ஆமா சார். முதல் ரூம் உங்களுக்குத்தான்."

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை. 2.3.

"குறைஞ்சிருக்குக்கா!"

"ஆடாதே. நல்ல கிட்னிக்கு ஒண்ணு ஒண்ணேகால் தாண்டாது. போனது போனதுதான்னு அந்தம்மா சொன்னது காதுல விழலையா?"

"ஒரு நிமிஷம் சந்தோஷப்பட விடமாட்டியே!"

டயாலிசிஸ் இப்போதைக்குத் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கியவள் பல்லைக் கடித்தாள்.

"வலிக்குதுக்கா."

"தெரியும். அந்தக் கையைக் கீழ விடு, என்னைப் பிடிச்சுக்கோ" என்றேன்.