பந்தயக் காருக்காக இழுத்த கொடும்பாவி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். மறதியும் அதிகம். முன்னது பின்னாகவும் பின்னது முன்னாகவும் வந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெரு இளைஞர் மன்றத்துக்கு மலர் போடுகிறார்களாம். போன வாரம் இப்போதைய செயலாளர் தம்பி வந்து, “ஆச்சி, நம்ம மன்றம் மொதமொத ரேஸ் காரு வாங்குன கதைய நீங்கதான் எழுதித் தரணும். அன்னைக்குப் பாட்டுப் படிச்சதே நீங்கதானாம்லா” என்று சொல்லி ஒரு நோட்டை வைத்துவிட்டுப் போனார். ஆச்சி என்று கூப்பிடும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் பேரன் எடுத்துவிட்டேன், தலை நரைத்துவிட்டது, தீப்பெட்டி மருந்தில் கண்ணும் மங்கிவிட்டது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால் ஒப்புக்கொண்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவே கரிசல்காட்டில் ஒதுங்கிக் கிடந்த எங்கள் ஊருக்குத் தீப்பெட்டி ஆபீஸ்தான் சோறு போட்டது. அந்த ஆபீஸ் முதலாளியின் மகன் மெட்ராஸில் படித்தவர். லீவுக்கு வந்தபோது ரிமோட்டில் ஓடுகிற பந்தயக் கார் இரண்டைக் கொண்டுவந்தார். ஒரு முழம்கூட இருக்காது. குச்சி காயப்போடும் சிமெண்டுக் களத்தில் விட்டால், கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்தக் கோடியில் நிற்கும். எங்கள் மன்றத்து ஆட்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். “தீபாவளிக்கு நீங்களும் ரெண்டு காரு கொண்டு வாங்க. பந்தயம் விடுவோம்” என்று சொல்லிவிட்டார். கேலிக்குச் சொன்னாரா, துணைக்கு ஆள் வேண்டும் என்று சொன்னாரா, தெரியாது. மறுநாளே மன்றத்தில் கூட்டம் போட்டார்கள்.

என் பெரியப்பா மகன்தான் அப்போது மன்றத் தலைவர். நான் அண்ணன் என்று எழுதுவது அவனைத்தான். கார், ரிமோட், பேட்டரி, பந்தயப் பாதைக்குப் பலகை என்று ஒரு பட்டியல் எழுதினான். கார் மதுரையில்தான் கிடைக்கும் என்றான். பணத்துக்கு ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். முதலில் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் மொத்தமாக வாங்கி பஸ்ஸில் ஏறி விற்றார்கள். விற்றதைவிட உறுப்பினர்கள் தின்றது அதிகம். பிறகு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் படம் போட்டார்கள். சண்டைக் காட்சியில் கரண்ட் போனது, டிக்கெட் வாங்கியவர்கள் நிஜமாகவே சண்டைக்கு வந்தார்கள். கடைசியாக, ஒருத்தன் மூன்று நாள் கால் தரையில் படாமல் சைக்கிள் சுற்றுவதென்று ஏற்பாடானது. முதல்நாள் மத்தியானமே அவனுடைய அம்மா விளக்குமாற்றோடு வந்துவிட்டாள். “ஆபீசுக்குப் போலேன்னா காலு வலிக்கும், இதுக்கு மட்டும் வலிக்காதோ? எறங்குலே!” அத்தோடு அதுவும் முடிந்தது.

எங்கள் வீட்டு நிலவரத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்குத் தெரியாது. பின்னால் தெரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா வடக்கே ஒரு கம்பெனி லாரி ஓட்டினார். அம்மாவும் நானும் வீட்டில் உட்கார்ந்து ஆபீசுக்குத் தீப்பெட்டி ஒட்டினோம். அந்த வருஷம் ஆடி மாதக் கடைசியில் அவரோடு போன கிளீனர் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா மட்டும் வாசலில் நின்று பேசினாள். சாப்பாடு வைத்தாள். அவர் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, தலை நிமிராமல் போனார். அப்பாவின் கடியாரம் அம்மா கையில் இருந்தது. “ரிப்பேருக்குக் குடுத்து விட்ருக்காவ” என்றாள். நான் காதில் வைத்துப் பார்த்தேன். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

லாரி கவிழ்ந்து அப்பா செத்துப்போயிருந்தார். அங்கேயே ஏதோ ஓர் ஊரில் காரியத்தை முடித்துவிட்டார்கள். அது அம்மாவுக்கும் அந்தக் கிளீனருக்கும் மட்டும்தான் தெரியும். அக்காவை அப்போதுதான் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டில் சாவு என்றால் வருஷம் திரும்பாமல் பந்தல் போட மாட்டார்கள். எங்களைப் போன்ற வீட்டுக்காக ஒரு வருஷம் காத்திருக்கிற மாப்பிள்ளை யார்? அம்மா வாயைக் கட்டினாள். ஆவணியில் பேச்சை முடித்து, ஐப்பசி பிறந்ததும் கல்யாணம் என்று நாள் குறிக்க வைத்தாள். அப்பாவுக்கு லீவு கிடைக்காவிட்டால் பெரியப்பா நின்று நடத்துவது என்று ஏற்பாடு. சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் மாப்பிள்ளையின் சித்தி. எங்கள் ஊரிலேயே வடக்குத் தெருவில் இருந்தாள். அவள் வரும்போதெல்லாம் அம்மா தலையில் பூ இருக்கும்.

புரட்டாசி முடியப்போகிறது, மழை இல்லை. பருத்தி விதையை வைத்துக்கொண்டு எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். எங்கள் பக்கம் அப்படி மழை பொய்த்தால் கொடும்பாவி இழுப்பார்கள். வைக்கோலில் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை. ஊர்ப் பாவத்தையெல்லாம் அதன் தலையில் ஏற்றி, பிணம் மாதிரி தெருத்தெருவாக இழுத்துப்போய் ஊருக்கு வெளியே கொளுத்துவார்கள். பின்னாலேயே பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். வீட்டுக்கு வீடு தானியமும் காசும் விழும். அதில் ஊருக்குக் கஞ்சி காய்ச்சுவது வழக்கம்.

“கஞ்சிக்கு ஒரு மரக்கா போதும்லே. மிச்சம் காருக்கு” என்றான் அண்ணன்.

பொம்மை கட்டுவது சுலபமாக இருந்தது. அழ ஆள் கிடைக்கவில்லை. பெண்களில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீசில். பெரியவர்கள் செத்தால் அழுகிற பெண்கள், விளையாட்டுக்கு அழ மாட்டோம் என்றார்கள். மன்றத்து ஆட்களே சேலை கட்டிக்கொண்டு கீச்சுக்குரலில் அழுதார்கள். தெரு முழுக்கச் சிரிப்பு. “ஏலே, இந்த அழுகைக்கு வார மழையும் திரும்பிப் போயிரும்லே!” என்று ஒரு கிழவி வாசலில் நின்று கத்தினாள். இரண்டு தெரு முடிந்தும் ஓலைப்பெட்டியின் அடி நிறையவில்லை.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னை அண்ணன் பிடித்தான்.

“ஏட்டி, பெட்டி ஒட்டும்போது நீ என்னமோ படிப்பியே, ஒப்பாரி கணக்கா. அதப் படி.”

“மாட்டேன். எல்லாரும் பாப்பாவ.”

“பாக்காம நான் பண்ணுதேன். காரு வந்ததும் மொத ஓட்டம் ஒனக்குத்தான்.”

ஒரு பழைய சேலையை என் தலைவழியாகப் போர்த்திவிட்டான். உள்ளே இருட்டு. என் மூச்சுதான் எனக்குக் கேட்டது. யார் முகமும் தெரியாததால் கூச்சம் போய்விட்டது. அம்மா பாடுகிற மாதிரியே நீட்டி, இறக்கி, மூக்கை உறிஞ்ச வேண்டிய இடத்தில் உறிஞ்சிப் பாடினேன்.

லாரி ஏறிப் போன ராசா – ஒன்ன
லாரியில கொண்டு வரலியே
பேரு தெரியா ஊருக்குள்ள – ஒன்னப்
பொதச்சாவளோ எரிச்சாவளோ
மூத்தவ கழுத்துல மஞ்சக் கயிறு ஏற – நான்
முந்தானைக்குள்ள அழுதேனே

பத்து வயதில் இதற்கு அர்த்தம் தெரியாதா என்று கேட்பீர்கள். ஒப்பாரி என்றால் ராசா வருவார், சாவார். லாரியும் அப்படித்தான் என்று இருந்தேன். ராகம் பிசகாமல் வருகிறதா என்பதிலேதான் என் கவனம் முழுக்க.

சிரிப்பு நின்றது. பெட்டியில் தானியம் விழும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். “நெறஞ்சிட்டுலே, இன்னொரு பெட்டி கொண்டா” என்று ஒருத்தன் மெதுவாகச் சொன்னான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் நீட்டிப் பாடினேன். வடக்குத் தெருவில் திரும்பியதும் என் தலைச் சேலையை ஒரு கை விலக்கியது. மாப்பிள்ளையின் சித்தி. உட்கார்ந்து, என் கன்னத்தைத் துடைத்தாள்.

“நல்லாப் படிக்கியேட்டி. யாரு சொல்லித் தந்தா?”

“எங்கம்மா. பெட்டி ஒட்டயில படிப்பா. அக்கா வந்தா நிப்பாட்டிருவா.”

“எப்பருந்து படிக்கா?”

“கிளீனரண்ணன் கடியாரம் கொண்டாந்ததுல இருந்து.”

கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னதில் எனக்குப் பெருமை. அவள் எழுந்து விறுவிறுவென்று நடந்தாள். பின்னாலேயே வடக்குத் தெருப் பெண்கள். கொடும்பாவி நடுத்தெருவில் கிடந்தது.

அம்மா பசைக் கையோடு எழுந்து வந்தாள். சித்தி கேட்டதற்குச் சிரிக்கப் பார்த்தாள். “சின்னப் பிள்ள என்னத்தையோ ஒளறுது. அவிய சவாரியில இருக்காவ. ஐப்பசி பொறந்ததும் வந்துருவாவ.”

“மதினி, ஏம் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

அம்மா பார்த்தாள். கையிலிருந்த பசையை முந்தானையில் துடைத்தாள். பிறகு யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள்: “பதினோரு நாளு. இன்னும் பதினோரு நாளுதான இருந்துச்சு.”

அக்கா அப்போதுதான் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தாள். அம்மா சொன்னது அவள் காதிலும் விழுந்தது. ஒரு சொட்டுச் சிந்தாமல் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அவளைச் சுற்றிப் பெண்கள் கட்டிக்கொண்டு விழுந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். மழைக்கு அழ எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மா என்னைவிட நன்றாகப் பாடுகிறாளே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அப்பா செத்துப்போனார் என்று பெரியம்மா என்னை இடுப்பில் தூக்கிவைத்துச் சொன்ன பிறகுதான் நானும் அழுதேன்.

கல்யாணத்துக்குக் குறித்த நாள் சாவுத் துட்டிக்குள்ளேயே வந்து போனது. மாப்பிள்ளை வீட்டார் துட்டி கேட்க வந்தார்கள், முறையாக உட்கார்ந்து எழுந்தார்கள். “செத்ததுகூடப் பெருசில்ல. மறைச்சிட்டாவளே” என்று தெருமுனையில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்களாம். தை மாதம் அந்த மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது.

மழை பெய்தது. கொடும்பாவி இழுத்த நாலாம் நாள் சாயங்காலம் பிடித்து, இரண்டு நாள் விடாமல் அடித்தது. அந்தப் பிள்ளை பாட்டுக்குப் பெய்த மழை என்றார்கள். எல்லோரும் விதைத்தார்கள். மன்றத்துக்குக் காரும் வந்தது. அண்ணன் சொன்ன சொல் தவறாமல் காரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, ரிமோட்டை என் கையில் கொடுத்தான். ஈரக் கரிசல் மண்ணில் நாலடி ஓடிச் சிக்கி நின்றது. அவன் குனிந்து சக்கரத்து மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. தீபாவளிப் பந்தயத்தில் நம் கார் ஜெயித்ததா தோற்றதா என்று எனக்குத் தெரியாது. துட்டி வீடு என்பதால் நான் போகவில்லை. அதை வேறு யாராவது எழுதித் தருவார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அக்காவை, பெண்டாட்டியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்குக் கயத்தாறில் கட்டிக்கொடுத்தார்கள். கூறைச்சேலையில் அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

அம்மா என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் அப்புறம் பாடவில்லை. எதிரும் புதிருமாக உட்கார்ந்து பெட்டி ஒட்டுவோம், பசை தடவும் சத்தம்தான் கேட்கும். அவளுடைய பாட்டை நான் ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டேன் என்று கோபம் போல, அதனால்தான் பாடவில்லை என்று நினைத்தேன். ஒருநாள் மடியில் விழுந்து, “படிம்மா” என்று கெஞ்சினேன். “மறந்துபோச்சுட்டி” என்றாள்.

அக்கா வந்தால் நிறுத்துகிறவள், பெரியம்மா வந்தால் நிறுத்துகிறவள், நான் இருந்தால் மட்டும் நிறுத்த மாட்டாள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றுதான் அப்படிப் பாடினாள் என்று ரொம்ப காலம் இருந்தேன். என் பிள்ளைகளை வளர்த்த பிறகுதான் வேறு மாதிரித் தோன்றியது. அந்த இரண்டு மாதமும் அவளுக்குத் துட்டி சொல்லி அழ ஓர் ஆள் வேண்டியிருந்திருக்கிறது. அந்த ஆள் நான்தான்.

மலரில் போடுவதற்கு முன்னால் ஒரு விவரத்தை மட்டும் யாராவது சரிபார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் என்று அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாகவும் இருக்கலாம். அம்மா இப்போது இல்லை. அக்காவுக்கு நிச்சயம் தெரியும். பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான். நான் இன்றுவரை கேட்டதில்லை. போகிறவர்கள், நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லாமல் கேளுங்கள்.