பிளக் மாட்ட நானூற்று ஐம்பது ரூபாய்

வண்டியை ரிப்பேருக்கு விட்டால் கடைக்காரன் ஏன் இவ்வளவு கேட்கிறான் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடைக்காரனான நானே அதற்குப் பல வருடம் பதில் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கூச்சக்காரன். வேலை முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு "பாத்துக் குடுங்க" என்பேன். அவர்களும் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

"பாத்துக் குடுங்கன்னா எவன் பாத்துக் குடுப்பான்? வாயத் தொறந்து கேளுய்யா" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

மந்தாரக்குப்பம் சாலையில் தகரக் கொட்டகை போட்டு நான் கடை வைத்து மூன்றாவது வருடம் அது. நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபிட்டர், பர்மனென்ட் ஆள் ஒருவர், பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். போகிற வழியில் வெடி போட்ட மாதிரி சத்தம் கேட்டு, இன்ஜினிலிருந்து ஸ்பார்க் பிளக் வெளியே தெறித்துவிட்டதாம்.

"பிளக்குதான? ஒண்ணு வாங்கி மாட்டி வையி" என்று சொல்லிவிட்டு ஷிப்ட் பஸ் ஏறிப் போய்விட்டார்.

குனிந்து பார்த்தேன். பிளக் மாட்டும் ஓட்டையில் திருகு பிடிக்கும் மரையே இல்லை, வழவழவென்று இருந்தது. வயரில் தொங்கிய பிளக்கைச் சுற்றி அலுமினிய மரை சுருளாக ஒட்டியிருந்தது. யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். இனி பத்துப் பிளக் வாங்கினாலும் அதில் ஒன்றும் நிற்காது. மறுநாள் அவர் வந்தபோது, "ஹெட்டக் கழட்டி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோவணுங்க சார்" என்றேன். "செய்யி" என்றார். எவ்வளவு ஆகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைப் பையில் போட்டுக்கொண்டு பண்ருட்டிக்கு பஸ் ஏறினேன். லேத்துக்காரர் வேறு அவசர வேலையில் இருந்தார். மூன்று மணிக்குத்தான் என் பையைப் பிரித்தார். ஓட்டையைப் பெரிதாக்கி, பித்தளையில் புஷ் என்கிற சின்னக் குழல் ஒன்றைக் கடைந்து, உள்ளும் வெளியும் மரை போட்டு இறக்கினார். உலோகத் தூள் ஒரு பொட்டு உள்ளே போனாலும் பிஸ்டனைக் கீறிவிடும். அடுத்த நாள் மண்ணெண்ணெயில் இரண்டு தடவை கழுவி, புது பேக்கிங் வைத்து மாட்டினேன். லேத்துக் கூலி, சாமான், பஸ், என் இரண்டு நாள் கூலி எல்லாம் சேர்த்து நானூற்று ஐம்பது. அவர் பார்த்துக் கொடுத்தால் என் கையில் ஒன்றும் நிற்காது.

முதல் ஷிப்ட் முடிந்து, கூட வேலை செய்யும் இரண்டு பேரோடு, அவர்கள் வண்டிகளில் வந்தார்.

"நானூத்தி அம்பது ஆவுதுங்க சார்." சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

"இன்னாது? பிளக்கு மாட்டவா? தங்கத்துல பண்ணி மாட்டனியா?"

"பிளக்குக்கு இல்லீங்க. மரை போயிடுச்சி."

"மரை கழண்டது வண்டிக்கா இவனுக்கா, நல்லாப் பாத்துச் சொல்லு மெக்கானிக்கு" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர்.

"சும்மா இருய்யா. மாசாமாசம் பிளக்க தொடச்சி மாட்டிக்கினு இருக்கேன், அவ்ளோதான். அத்தாம்பெரிய மிஷினையே பிரிச்சி மாட்டறவன் நானு. எனக்கு பிளக்கு மாட்டத் தெரியாதா?" என்றார் ஃபிட்டர்.

எனக்கு வாய் வரவில்லை, கை வந்தது. மூலையில் விளிம்பு உடைந்த பழைய ஹெட் ஒன்று கிடந்தது. மரை மட்டும் நன்றாக இருந்தது. அதை மேஜையில் இருந்த வைஸ் இடுக்கியில் பிடித்து, ஒரு பிளக்கைச் சொருகி, ஸ்பேனரை அவரிடம் நீட்டினேன்.

"வூட்ல எப்படி இறுக்குவீங்களோ அப்படி இறுக்குங்க சார்."

இறுக்கினார். முகத்தில் திருப்தி இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பைப்பு எதுனா இருக்கா?" என்றார்.

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "யோவ், பிளக்குக்கும் பைப்பு போட்டா இறுக்கற?"

"பின்ன? கையால இறுக்கனா நிக்குமா?"

சுரங்கத்து இயந்திரங்களில் போல்ட் ஒவ்வொன்றும் மணிக்கட்டுத் தடிமன். ஸ்பேனரில் நீளப் பைப்பைச் சொருகி இரண்டு பேர் தொங்கினால்தான் இறுகும். அதில் பழகிய கை அது. பைப்பை எடுத்துக் கொடுத்தேன். ஒரே இழுப்பு. கிர் என்றது. அப்புறம் ஸ்பேனர் சும்மாவே சுற்றியது. பிளக்கை வெளியே எடுத்தார். அதோடு வெள்ளைச் சுருளும் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"இது அலுமினியங்க சார்" என்று ஆரம்பித்தேன். பண்ருட்டி பஸ், லேத்து, காத்துக் கிடந்தது, தூள், மண்ணெண்ணெய் எல்லாம் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன் யாரிடமும் பேசியதில்லை.

அவர் சட்டைப் பையில் கையை விட்டார். "சரி, நானூறா வச்சிக்க."

எப்போதும் இந்த இடத்தில்தான் நான் தோற்பேன். கழுத்து தானாகக் கீழே இறங்கப் பார்த்தது. விடவில்லை.

"நானூத்தி அம்பதுங்க சார்."

முழுசாக எண்ணிக் கொடுத்தார். ஒரே உதையில் வண்டி பிடித்துக்கொண்டது.

கிளம்பும்போது கேலி பேசியவர் என் பக்கம் திரும்பினார். "என் வண்டி இழுக்கவே மாட்டேங்குதுப்பா. எவ்ளோ ஆவும்?"

"பிரிச்சிப் பாத்துட்டுச் சொல்றங்க. சொன்னா அதான் ரேட்டு" என்றேன், அவர் கண்ணைப் பார்த்து.

வெளியே நின்ற தன் வண்டியின் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, ஃபிட்டரின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டார்.