வெர்லன் டிட்மோர் மகளுக்குக் குறித்த தேதி

வெர்லன் டிட்மோர் அலபாமா பல்கலைக்கழகத்தில் படித்ததில்லை. அங்கே ஒரு வகுப்பறைக் கதவைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் அதன் கால்பந்து அணி அவர் வாயில் எப்போதும் ‘நாங்க’தான். நாங்க ஜெயிச்சோம், நாங்க கோட்டை விட்டோம், எங்க பயிற்சியாளரை நாங்க துரத்தணும். அங்கேயே நாலு வருஷம் உட்கார்ந்து வேதியியல் படித்தவன் நான். ஆட்டம் பார்க்கிற பழக்கம் இல்லாததால் ராண்டாவின் சிற்றுண்டிக் கடையில் ஊர் ஆண்கள் கூடும் காலை மேஜையில் எனக்குப் பேச்சுரிமை கிடையாது. பிஸ்கட்டையும் கிரேவியையும் தின்றுகொண்டு கேட்கலாம்.

வெர்லன் டயர் கடை வைத்திருந்தார். மழையில் யார் வண்டி பஞ்சராகி நின்றாலும் இறங்கி உதவுவார். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை நல்ல மனிதர் என்றே சொல்லிவிடலாம். செப்டம்பரில் கால்பந்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க வகை, தொடங்கிவிடும். ‘ரோல் டைட்’ என்ற அணியின் கோஷம்தான் அதற்குப் பிறகு அவருக்கு வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாம். சொந்த அண்ணனைக் குழியில் இறக்கும்போது ஆமென் சொல்ல வேண்டிய இடத்திலும் அதையே சொன்னார். போதகர் அதற்குத் தலையாட்டினார். அவரும் அந்தக் கட்சிதான். அணி ஜெயித்துக்கொண்டிருக்கும் வரை வெர்லன் தன் சிவப்புச் சட்டையைத் துவைக்க விடமாட்டார். நான் சொல்லும் வருஷம் அணி நிறைய ஜெயித்தது. அவர் பக்கத்து நாற்காலி நவம்பரில் காலியாகவே கிடந்தது.

எங்கள் பக்கத்தில் ஆட்டம் நடக்கும் இந்தப் பருவத்துச் சனிக்கிழமைகளில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. வைத்தால் போதகரும் கேக்கும்தான் வந்து சேரும். டிசம்பர் முதல் சனி இன்னும் மோசம். அன்றுதான் அட்லாண்டாவில் இறுதி ஆட்டம், எல்லாரையும் அடித்துப்போட்ட இரண்டு அணிகளுக்கு. நம் அணி அங்கே போகாது என்று மனசுக்குள் முடிவு கட்டியவன் மட்டுமே அந்த நாளை வேறு காரியத்துக்குக் கொடுப்பான்.

அந்தச் செப்டம்பரில் அலபாமா, யாரும் மதிக்காத ஓர் அணியிடம் தோற்றது. வெர்லன் தொப்பியைக் கழற்றிப் பழைய டயர் குவியலில் எறிந்தார். மறுநாள் மகள் மார்லி தேதி கேட்டு வந்தாள். மாப்பிள்ளை ஜார்ஜியாக்காரன், எல்லைக்கு அந்தப் பக்கம் பல் வைத்தியம் பார்க்கிறான்.

“டிசம்பர் முதல் சனி வெச்சுக்கோம்மா,” என்றார் வெர்லன். “மூணு மணிக்கு. அன்னிக்கு நமக்கு அட்லாண்டால ஒரு வேலையும் இருக்காது.”

அதற்குப் பிறகு அலபாமா தோற்கவே இல்லை. ஜார்ஜியாவும் தோற்கவில்லை. இறுதி ஆட்டம் இவர்கள் இருவருக்கும்தான் என்று முடிவாயிற்று. எங்கள் ஊர் நேரப்படி மூன்று மணிக்குத் தொடக்கம்.

அந்த வாரம் மேஜையில் பேச்சு கொதித்தது.

“ஜார்ஜியாக்காரன் முன்வரிசையைப் பாத்தியா? ஒவ்வொருத்தனும் செவுரு மாதிரி நிக்கிறான்,” என்றார் கோழிப்பண்ணை டப் ஸ்க்ரோகின்ஸ்.

“செவுரு ஓடாதுடா டப். நம்ம பசங்க சுத்திப் போயிடுவாங்க,” என்றார் ஹாய்ட். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“எங்க சுத்துறது? பந்து வீசுற நம்ம குவார்ட்டர்பேக்குக்கு இடது முழங்கால் போச்சு. என் மச்சினி பொண்ணு காலேஜ் பக்கத்துலதான் முடி வெட்டுறா. அவன் படி ஏறும்போது கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு ஏறுறானாம், கண்ணால பாத்திருக்கா.”

“உள்பக்கமா வெளிப்பக்கமா வலி?” என்றார் ஹாய்ட்.

“உள்பக்கம்.”

“அய்யய்யோ,” என்று வெர்லன் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

டப்பின் மனைவிக்கும் அதே வாரம்தான் முழங்காலில் அறுவை நடந்தது. மேஜையில் யாரும் கேட்கவில்லை, டப்பும் சொல்லவில்லை. எனக்கு ராண்டா சொல்லித்தான் தெரியும்.

பேச்சு திரும்பித் திரும்பி வெர்லன் மீது வந்து விழுந்தது.

“எனக்கு ஒண்ணுதான் புரியல. அந்த நாள்ல எவன்யா கல்யாணம் வெப்பான்?” என்றார் ஹாய்ட்.

“மாப்ள வீட்டுக்காரங்க குறிச்சது. நான் என்ன பண்ண முடியும்? பொண்ணைப் பெத்தவன்,” என்றார் வெர்லன், கண்ணில் நீர் வராத குறையாக.

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். தியாகி என்று பெயர் வந்தது. வியாழன் வரை அந்தப் பெயர் தாங்கியது. அன்று சர்ச்சில் நாற்காலி இறக்கிவிட்டு ராய்ஸ் பெண்டர்கிராஸ் காப்பிக்கு உள்ளே வந்தார். மாப்பிள்ளையின் அப்பா.

“வாங்க சம்பந்தி. லொள் லொள்!” என்றார் டப். அணியின் சின்னம் நாய் என்பதால் ஜார்ஜியாக்காரர்கள் மைதானத்தில் நிஜமாகவே குரைப்பார்கள்.

“லொள்,” என்று ராய்ஸ் மரியாதைக்குக் குரைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“ஏன் சம்பந்தி, இந்த நாளைக் குறிச்சு எங்காளைக் கொல்றீங்களே?”

“நாங்களா? நாங்க வேணாம்னுதானே சொன்னோம். அன்னிக்கு எங்களுக்கு அட்லாண்டா இருக்கும்னு எனக்கு ஆகஸ்டுலயே தெரியும். வெர்லன்தான் பிடிவாதமா நின்னாரு, தன் பக்கம் ஒருத்தருக்கும் அன்னிக்கு வேலை இருக்காதுன்னு.”

ராண்டா காப்பி ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். வெர்லன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார், அதில் சரிசெய்ய ஏதோ மிச்சமிருந்ததுபோல.

“அப்போ உனக்கு நம்பிக்கை இல்ல,” என்றார் ஹாய்ட் மெதுவாக.

“ஒரு நாள் கோவம்டா...”

“கோவத்துல என் பொண்டாட்டிய நானும் திட்டுவேன். அதுக்காக அவ சாவுக்குத் தேதி குறிப்பேனா?”

பொய் சொன்னதற்காக யாரும் கோபிக்கவில்லை. மகள் கல்யாணத்தைச் சாக்காக்கி இரக்கம் சம்பாதித்ததும் அவர்களுக்குக் குற்றமாகப் படவில்லை. அணியை நம்பாததுதான் குற்றம். மறுநாள் காலை வெர்லன் உள்ளே வந்தபோது மேஜையில் காலி நாற்காலி இல்லை. எல்லாவற்றிலும் கோட்டுகளைப் போட்டுவைத்திருந்தார்கள்.

அன்று மாலைக்குள் அவர் பரிகாரம் கண்டுபிடித்தார். சர்ச்சை ஒட்டிய விருந்து ஹாலில் சுவரளவு டிவி. ஊர் ஆண்கள் எல்லாரும் வரலாம், இடையில் ஒரு கதவுதான். ஹாய்ட் அவர் தோளைத் தட்டினார். நாற்காலி திரும்பக் கிடைத்தது.

அன்று இரவு மார்லி கதவோரம் நின்று டிவியைப் பார்த்தாள். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவன் நான்; அப்போது கல்யாணப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தேன்.

“அப்பா, அவங்க என்னமோ பண்ணிக்கட்டும். நீங்க என் கையைப் புடிச்சு நடக்கிற அந்த நேரம் மட்டும் என்கூட இருங்க. எனக்கு அது போதும்.”

“என்னம்மா பேச்சு இது? உன்னவிடவா?”

சனிக்கிழமை பெஞ்சுகளில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். ஆண்களில் போதகர், மாப்பிள்ளை, அவன் தோழன், ராய்ஸ், நான். குரைக்கத் தெரிந்த ராய்ஸ் முதல் வரிசையில் கோட்டுப் பித்தான் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய தம்பிமார் ஹாலில்.

வெர்லன் ஒழுங்காகத்தான் நடந்தார். சவரம் செய்த முகம், நிமிர்ந்த தோள், மகளின் கை முழங்கையில். அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் மாற்றிக்கொள்ளலாமா என்று எனக்கே ஒரு சபலம் தட்டியது. பீடத்தடியில் நின்றார்கள்.

“இந்தப் பெண்ணை இவனுக்குக் கொடுப்பது யார்?” என்றார் போதகர். தகப்பன் ‘நான்’ என்று சொல்ல வேண்டிய இடம்.

கதவுக்கு அப்பால் ஒரு கத்தல். வெர்லன் வாயைத் திறந்தார், ஆனால் தலை கதவுப் பக்கம் திரும்பிவிட்டது. கத்தியது நம்ம ஆளா அந்த ஆளா என்று காது தேடியது. குரைப்பு இல்லை. முகம் மலர்ந்தது. போதகரும் கேள்வியை மறந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்லி தன் கையை உருவிக்கொண்டாள்.

“அம்மா, நீங்க வாங்க.”

வைனெல் டிட்மோர் எழுந்து வந்தாள். அவசரமும் இல்லை, அழுகையும் இல்லை. மகள் பக்கத்தில் நின்று, “நான் குடுக்கிறேன்,” என்றாள். போதகர் திடுக்கிட்டுப் புத்தகத்தைத் தேடினார்.

வெர்லன் நடுவில் நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், இனி இங்கே தனக்கு வேலை இல்லை என்று கண்டுகொண்டவர்போல ஓரமாக நடந்து ஹாலுக்குள் போனார். “எவ்ளோ, எவ்ளோ?” என்று அவர் கேட்டது பெஞ்சு வரை கேட்டது. ராய்ஸ் எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.