கண்ணாடிக்குள் இருக்கும் வள்ளம்

எடுத்தது நான்தான். மல்லிகா இல்லை.

நான்காவது வரை படித்தவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்க வேண்டாம்.

ஜவ்வாது மலையில் எங்கள் வீடு. அண்ணன் போன பிறகு அண்ணி, அவள் மகன், மருமகள் மல்லிகா, நான். வீட்டில் ஒரு வள்ளம் இருந்தது. பலா மரத்தில் குடைந்தது, தானியம் அளப்பதற்கு. புதுச் சாமை வந்தால் முதல் அளவை அதில் எடுத்துச் சாமிக்கு வைக்க வேண்டும். அதன் பிறகுதான் உலை. வீட்டுப் பெண்கள்தான் அதை எடுப்பார்கள். ஆண் தொடக் கூடாது.

கீழே டவுனில் மியூசியம் கட்டினார்கள். தோல் பதனிடும் சாயபுமாருக்கு ஒரு அறை, அடிவாரத்துக் குடியானவர்களுக்கு ஒரு அறை, மலைக்காரர்களான எங்களுக்கு ஒரு அறை. பொருள் கேட்டு மேலே வந்தார்கள். கொடுப்பவர் பெயரை எழுதி வைப்போம் என்றார்கள். ஒருவர் தேன் குடுவை கொடுத்தார். ஒருவர் வில் கொடுத்தார்.

என்னிடம் என்ன இருந்தது? அண்ணி போடும் சோற்றைத் தின்கிறவன்... என் பெயரை யார் எங்கே எழுதப் போகிறார்கள்?

பெண்கள் கொல்லைக்காட்டில் களை எடுக்கப் போயிருந்தார்கள். வள்ளத்தைத் தொட்டேன். ஒரு நொடிகூடத் தயங்காமல் சாக்கில் சுற்றி, கீழே மியூசியத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

பிறகு தேடினார்கள். ஆண் தொடமாட்டான், ஊருக்கே தெரியும். அண்ணி தொலைக்கமாட்டாள். மிச்சம் மல்லிகா. தாய் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள் என்றார்கள். இல்லை, இல்லை என்றே சொன்னாள். ஊர்க் கவுண்டர் என்னையும் கேட்டார். தெரியாது என்றேன்.

அவள் தாய் வீடு போனாள். அவள் புருஷன் கேரளாவுக்கு மரம் வெட்டப் போனான். அண்ணி புதுச் சாமை சாப்பிடுவதை விட்டாள். ரேஷன் அரிசிதான்.

மியூசியத்தில் காவலுக்கு ஆள் கேட்டார்கள். நான் இறங்கி வந்துவிட்டேன். நீங்களும் அங்கே வந்திருக்கலாம். கண்ணாடியைத் தொடாதீர்கள் என்று உங்களிடம் சொன்னவன் நான்தான்.

போன மாதம் மகளிர் குழுப் பெண்கள் வேனில் வந்தார்கள். அண்ணியும் வந்தாள். ஒருத்தி உலக்கையைக் காட்டி, இதுக்கே கண்ணாடிப் பொட்டின்னா நம்மள எப்ப உள்ள வெப்பாங்க என்று கேட்டாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனார்கள். அண்ணி போகவில்லை. வள்ளத்தின் விளிம்பில் ஒரு விரிசல் உண்டு. அதற்குக் கம்பி கட்டியது அவள்தான்.

"இன்னா எழுதிக்கீது தம்பி? படி."

இரண்டு வரி. மேல் வரியைப் படித்தேன். மலைவாழ் மக்களின் தானிய அளவை. கீழ் வரியில் என் பெயர்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அண்ணி."

கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அவதான் இங்க கொணாந்து குடுத்துக்கிறா. அநியாயமா பழி போட்டுட்டமோன்னு இத்தினி நாளா எனக்கு சோறு எறங்கல. தைக்குப் போய்க் கூட்டியாந்துரலாம்னு இருந்தேன்... இன்னாத்துக்கு இனிமே."

வேன் கிளம்பும்வரை நேரம் இருந்தது. ஒரு வரிதானே? நீங்களாக இருந்தால் படித்திருப்பீர்கள் அல்லவா? நான் வெளியே வந்து, அண்ணி வேனில் ஏறக் கை கொடுத்தேன்.

திரும்பி வந்தேன். கண்ணாடியில் அவள் கைத்தடம் அப்படியே இருந்தது. துடைப்பது என் வேலை.

துடைத்துவிட்டேன்.