ஆஸ் பெரிதா, ராஜா பெரிதா

நீடாமங்கலத்திலிருந்து காலை பாசஞ்சர் ரயிலில் தஞ்சாவூர் போய்ப் பைத்தான் என்ற கணினி மொழி படித்தேன். பழைய பேருந்து நிலையத்தின் பக்கம், ஒரு துணிக்கடையின் மாடியில் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். திரும்பி வந்த கோபத்தை எங்கள் மேல்தான் காட்டினார்.

ஒரு நாள் சீட்டுக்கட்டை வைத்துப் பாடம். திரையில் இரண்டு ஆர்ட்டின் ராணிகளை உருவாக்கினார்.

"ரெண்டும் சமமான்னு கேட்டா என்ன வரும்? நீங்க சொல்லுங்க."

"சமம்னு வரும் சார்."

ஓட்டிக் காட்டினார். ஃபால்ஸ், அதாவது இல்லை என்று வந்தது.

"ஒரே பேரு இருந்தா ஒரே ஆளா? எதை வச்சு ஒப்பிடணும்னு நாம எழுதிக் கொடுக்காத வரைக்கும் கம்ப்யூட்டருக்கு இது ரெண்டும் வேற வேற பொருள். சரி, வரிசைப்படுத்துற ஃபங்ஷன எழுதுங்க."

எழுதினேன். சீட்டின் பெயர்களை அப்படியே ஒப்பிட்டதால் அகரவரிசையில் போய் நின்றன. ராஜாவுக்கு மேலே ராணி, ரெண்டுக்குக் கீழே பத்து.

"சீட்டுக்கட்டையே பார்த்ததில்லையா? ஆஸ் பெருசா, ராஜா பெருசா?"

தெரியவில்லை. எங்கள் வீட்டில் சூதாட்டம் ஹராம். சீட்டுக்கட்டு வாசற்படி ஏறியதில்லை. அதை அவரிடம் சொல்லப் பிடிக்கவில்லை.

"எந்த ஊரும்மா நீங்க?"

"நீடாமங்கலம்."

பின்வரிசையில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், உட்காரச் சொல்லும் வரை.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் சீட்டுக்கட்டு வாங்கினேன். வீட்டில் அண்ணன் இருந்தான். அத்தா இறந்த பிறகு குவைத்துக்குப் போனவன், விடுமுறையில் வந்திருந்தான். சார்ஜர் தேடுகிறேன் என்று என் பையைத் திறந்திருக்கிறான். நான் சாப்பிட உட்கார்ந்தபோது சீட்டுக்கட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வீசினான்.

"கம்ப்யூட்டர் கிளாஸுன்னு சொல்லிட்டு இதத்தான் படிக்கிறியா?"

"பாடமே இதுதான்."

"பொய் சொல்லாத. நாளையிலேர்ந்து கிளாஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். கீழ்வேளூர்லேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்க."

"அவங்க வந்தா வரட்டும். எனக்குப் பரீட்சை இருக்கு. ஆஸ் பெருசா, ராஜா பெருசான்னு தெரியாம நான் எப்படி எழுதுறது?"

"ஆஸ்தான் பெருசு. அதுக்குக் கீழ ராஜா, ராணி, ஜாக்கி..."

சொல்லிவிட்டு நிறுத்தினான். சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. "ஒனக்கு எப்புடிடா தெரியும்?" என்றார்.

"அங்க நாங்க தங்குற கேம்ப்ல எல்லாரும் ஆடுவாங்க. பார்த்திருக்கேன்."

"பார்த்ததோட சரியா?" என்று நான் கேட்டேன். வேண்டுமென்றுதான் கேட்டேன்.

கையை ஓங்கினான். அம்மா நடுவில் வந்து நின்றார். சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான்; வாய்க்காலில் அது விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "இனி என் மூஞ்சில முழிக்காத" என்றான். "நீ மொதல்ல கெளம்பு" என்றேன். அம்மா அழுதுகொண்டே சோற்றுச் சட்டியை மூடினார்.

மறுநாள் பாசஞ்சரைப் பிடித்தேன். வகுப்பில் எழுத்துச் சீட்டுகளுக்கு எண் கொடுத்தேன். ஜாக்கிக்குப் பதினொன்று, ஆஸுக்குப் பதினான்கு. முதலில் எண்ணை ஒப்பிடு, சமமாக இருந்தால் ஆர்ட்டினா வேறா என்று இனத்தை ஒப்பிடு என்று எழுதினேன். கலைந்து கிடந்த கட்டு திரையில் ஒழுங்காக அடுக்கிக்கொண்டது. சார் குனிந்து பார்த்தார். எந்தத் தப்பும் அகப்படவில்லை.

"யாரு எழுதிக் கொடுத்தது?"

"நான்தான்."

"ம்" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார். அந்த 'ம்'மை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

கீழ்வேளூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். படிப்பை முடிக்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அவர்கள் எதிரிலேயே சொன்னேன். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

அண்ணன் குவைத்துக்குக் கிளம்பிய நாளில் வேன் வாசலில் ஹார்ன் அடித்தது. அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டான். என் அறைக் கதவைத் தாண்டும்போது அவன் செருப்புச் சத்தம் கொஞ்சம் நின்றது. நான் கதவைத் திறக்கவில்லை. அவனும் தட்டவில்லை.