செத்ததென்று நான் சொன்ன பவளம்

உயிரோடிருந்த பவளப்பாறையைச் செத்துப்போனது என்று சொல்லி, ஓர் இளம்பெண்ணை அதன்மேல் ஏறி நிற்க வைத்தவன் நான். தெரிந்தேதான் சொன்னேன்!

நான்கு ஆண்டுகளாக யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் முகம் தெரியாதவர் என்பதால்.

சென்னையிலிருந்து நந்தினியும் மூன்று நண்பர்களும் தூத்துக்குடிக்கு வந்தார்கள். விமானம் பூமியைச் சூடாக்குகிறது என்று ரயிலில் வந்த பிள்ளைகள். ஆளுக்கொரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். கடல் காட்ட, உள்ளூர்க்காரனான நான் துணைபோனேன். படகில் என் கவிதைகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். என் வீட்டில் அவற்றைக் கேட்கச் சுவர்கள் மட்டுமே உண்டு!

படகோட்டி மிக்கேல் முன்னாளில் சங்கு குளித்தவர். மணல் பார்த்துத்தான் நங்கூரம் போடுவார். கடலடிப் பாறையைப் ‘பார்’ என்பார்.

“பிள்ளைகள மெதக்க மட்டும் சொல்லும் வே. பார்ல கால் பட்டா செத்துரும். கவிதை சொல்லுத ஜோர்ல மறந்துரப் போறீரு!”

பிள்ளைகள் அதற்குள் நீரில் குதித்திருந்தார்கள். கேட்டது நான் மட்டும்.

படகைவிட்டு வெகுதூரம் தள்ளி என்னோடு மிதந்துகொண்டிருந்த நந்தினி சீக்கிரமே களைத்துவிட்டாள்.

“திரும்பிடலாமா சார்? இல்ல, இது மேல கொஞ்சம் நிக்கலாமா? உயிரோட இருக்கா இது?”

மண்பழுப்பாய்க் கிடந்தது அது. உயிருள்ள பவளத்துக்கு இங்கே அந்த நிறம்தான். திரும்பினால் கரை வந்துவிடும்... பிறகு நான் யாரிடம் போவேன்?

“செத்துப் பல வருஷம் ஆச்சும்மா. நில்லுங்க.”

“வழுவழுன்னு இருக்கே சார்?”

“பாசிம்மா.”

பாசியில்லை... உயிர்! அவள் பாதத்தின் கீழே அது அப்பளமாய் நொறுங்கியதைக் கண்டேன். படம் எடுத்துக்கொண்டார்கள். இன்னும் ஒரு மணி நேரம் என்னோடு இருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்!

‘கடல் சூடேறிக் கொன்ற பவளத்தின்மேல் நிற்கிறேன்’ என்று அந்தப் படத்தின் கீழ் எழுதினாள். இன்று கல்லூரி கல்லூரியாக அதைக் காட்டிப் பேசுகிறாள். கடல் சூடேறுவது பொய்யா? இல்லையே! வெளுத்துச் செத்த பார்களை நானே கண்டிருக்கிறேன். ஆனால் இதைக் கொன்றது சூடல்ல. அவள் பாதமும் அல்ல... என் நாக்கு.

ஆண்டுக்கொருமுறை அழைக்கிறாள். என்னை அழைக்கும் ஒரே குரல். உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும்.

நேற்றும் அழைத்தாள்.

“இருபது பேரோட வரேன் சார். அதே எடத்துல இவங்களும் நின்னு பார்க்கணும்.”

நாற்பது கால்கள்!

“காத்து சரியில்லம்மா” என்றேன்.

“போன வருஷமும் இதத்தானே சொன்னீங்க? எப்பதான் சார் சரியாகும்?”

கடற்கரையில்தான் நின்றிருந்தேன். எதிரே கடல் ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது.